பள்ளியில் ஜப்பானிய வகுப்பு மூடாமல் இருக்க: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு நடுத்தர ஊரில் இருக்கிறோம். என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து ஜப்பானிய மொழி படிக்கிறாள். அவள் ஒன்பதாவது படித்தபோது, வசந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஊர்ப் பள்ளிகளையெல்லாம் நடத்தும் பள்ளி மாவட்ட நிர்வாகத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அடுத்த ஆண்டு முதல் ஜப்பானியம் முதல் நிலைக்குப் புதிதாக யாரையும் சேர்க்கப் போவதில்லை என்று ஒரு வரி. "ஏற்கெனவே படிக்கும் மாணவர்களுக்கு இதனால் பாதிப்பில்லை" என்று அடுத்த வரி. இரண்டாவது வரி உண்மையில்லை என்று புரிய எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

வகுப்பு இன்னும் நடக்கிறது. எப்படியோ காப்பாற்றினோம். அன்றிலிருந்து வேறு ஊர்களிலிருந்தும் பெற்றோர் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், அதில் பாதிப் பேர் நம்மவர்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட்டு இங்கே எழுதிவைக்கிறேன்.

நம் பிள்ளைக்கு எதற்கு ஜப்பானியம்? ஸ்பானிஷ் போதாதா?

போதும். இந்த நாட்டில் ஸ்பானிஷ் தெரிந்தால் நாளைக்கே பயன்படும். பிள்ளைக்கு அதில் ஆசை இருந்தால் அதையே எடுக்கட்டும்.

ஆனால் உங்கள் பள்ளியில் ஜப்பானியம் இருந்து, பிள்ளைக்கும் ஆசை இருந்தால் தயங்க வேண்டாம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு ஒரு வசதி இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. 'வதாஷி வா கக்கோ நி இகிமாஸ்' என்றால் 'நான் பள்ளிக்குப் போகிறேன்'. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'நி' நம் 'கு' போலப் பெயருக்குப் பின்னால் வருகிறது, வினை கடைசியில் வருகிறது. கேள்வி கேட்க நாம் கடைசியில் 'ஆ' சேர்ப்போம், அவர்கள் 'கா' சேர்க்கிறார்கள். என் மகள் எட்டாம் வகுப்பில் ஒருநாள் ஓடி வந்து சொன்னாள்: "அம்மா, 'தபேதே மிரு' அப்படியே 'சாப்பிட்டுப் பார்'!" உண்மைதான். 'மிரு' என்றால் பார்ப்பது. 'தபேதே ஷிமாவு' என்றால் 'சாப்பிட்டுவிடு'. ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பிள்ளைகள் இந்த இடத்தில் தலையைச் சொறிவார்கள், நம் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

எழுத்து வரிசையும் அப்படித்தான். அ இ உ எ ஒ, அப்புறம் க ச த ந ஹ ம ய ர வ. பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத எழுத்துமுறையைப் படித்தபோது அந்த வரிசை ஜப்பானுக்குப் போனது. 'ஹ' வரிசை பழங்காலத்தில் 'ப' என்றுதான் ஒலித்தது என்கிறார்கள் மொழியியலாளர்கள். அப்படிப் பார்த்தால் நம் க ச த ந ப ம ய ர வ அப்படியே வந்துவிடுகிறது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இன்னும் மேலே போய் ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் பிறப்பு உறவே உண்டு என்றார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஆகவே தமிழ்ச் சங்க மேடையில் அதை அடித்துப் பேச வேண்டாம். வாக்கிய அமைப்பு ஒத்துப்போவது மட்டும் கண்ணெதிரே இருக்கும் விஷயம்.

ஜப்பானியத்தில் கஷ்டமானது சீன எழுத்துகள்தான். அவற்றுக்குப் பெயர் 'கஞ்சி'. "நாளைக்குக் கஞ்சி டெஸ்ட்" என்று பேத்தி சொன்னதைக் கேட்டு என் மாமியார், பள்ளியில் கஞ்சி காய்ச்சக்கூடக் கற்றுத் தருகிறார்கள் என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

எத்தனை பேர்தான் படிக்கிறார்கள்? செத்துக்கொண்டிருக்கும் பாடமா இது?

இல்லை. ஜப்பான் அரசின் பண்பாட்டு அமைப்பான ஜப்பான் ஃபவுண்டேஷன் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகக் கணக்கு எடுக்கிறது. 2021 கணக்கில் 141 நாடுகளிலும் பகுதிகளிலும் சுமார் 38 லட்சம் பேர் கல்வி நிலையங்களில் ஜப்பானியம் படித்தார்கள். அதில் அமெரிக்கா சுமார் 1.6 லட்சம். ஆஸ்திரேலியாவில் 4 லட்சத்துக்கு மேல். மக்கள்தொகையில் அமெரிக்காவின் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நாடு அது. அங்கே ஆரம்பப் பள்ளியிலேயே கற்றுக்கொடுக்கிறார்கள், அதுதான் வித்தியாசம்.

கல்லூரிப் பக்கம் பார்த்தால், 2016 முதல் 2021 வரை அமெரிக்கக் கல்லூரிகளில் பிற மொழிகள் படிப்போர் எண்ணிக்கை மொத்தமாக 17 சதவீதம் அளவுக்குச் சரிந்தது. ஜப்பானியம் சரிந்தது 5 சதவீதத்துக்குள்தான். ஸ்பானிஷ், பிரெஞ்சு, அமெரிக்க சைகை மொழி ஆகியவற்றுக்கு அடுத்து நான்காவது இடத்தில் இருந்தது. "யாருக்கும் ஆர்வமில்லை" என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஆர்வம் இருக்கிறது. அந்த ஆர்வத்துக்கு டைம் டேபிளில் இடம் இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வகுப்பு திடீரென்று ஏன் மூடப்படுகிறது?

திடீரென்று எதுவும் மூடப்படுவதில்லை. நமக்குத் தெரியவருவதுதான் திடீரென்று.

பெரும்பாலான ஹைஸ்கூல்களில் ஜப்பானியத்துக்கு ஒரே ஓர் ஆசிரியர்தான். அவருக்கு ஒரு நாளில் ஆறு வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிலையில் 50 பேர், இரண்டு பிரிவு. இரண்டாம் நிலையில் 32 பேர். மூன்றாம் நிலையில் 18. நான்காம் நிலையில் 9, ஏபி வகுப்பில் (ஹைஸ்கூலிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) 5. இது நான் போட்ட உதாரணக் கணக்குதான், ஆனால் எந்த ஊரிலும் வடிவம் இப்படித்தான் இருக்கும், மேலே போகப்போகக் குறுகும் கோபுரம் போல. பள்ளி பார்ப்பது ஒரு பிரிவுக்கு எத்தனை தலை என்பதை. 14 பேருக்கு ஓர் ஆசிரியரின் இரண்டு மணி நேரத்தைக் கொடுக்க முடியாது என்று நான்காம் நிலையையும் ஏபியையும் ஒரே அறையில் போடுகிறார்கள். அடுத்த ஆண்டு மூன்றையும் அதோடு சேர்க்கிறார்கள். ஒரே மணி நேரத்தில் மூன்று பாடம் நடத்தினால் யாருக்கும் சரியாக நடக்காது. பிள்ளைகள் விலகுகிறார்கள், எண்ணிக்கை இன்னும் குறைகிறது.

இரண்டாவது, நேர மோதல். ஜப்பானியம் மூன்றாம் நிலை ஒரே ஒரு பிரிவு, மூன்றாவது பீரியடில். ஏபி கெமிஸ்ட்ரியும் அதே மூன்றாவது பீரியடில். நம் வீட்டில் எது ஜெயிக்கும் என்று சொல்லவா வேண்டும்? பிள்ளை ஜப்பானியத்தை விட்டால் கணினியில் 'விருப்பமில்லை' என்றுதான் பதிவாகும். கெமிஸ்ட்ரிதான் காரணம் என்று எங்கும் எழுதப்படாது. எங்கள் ஊரில் இரண்டு ஆண்டுக்கான விலகல்களைப் பெற்றோரே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டோம். பாதிக்கு மேல் இப்படி நேர மோதலால் போனவர்கள். பாடம் பிடிக்காமல் போனவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

மூன்றாவது, மிடில் ஸ்கூல். அங்கே ஒரு மொழி வகுப்பை எடுத்துவிட்டால் ஹைஸ்கூலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை அடைத்த மாதிரி. இரண்டு ஆண்டு கழித்துக் குளம் வற்றும். அப்போது "குளத்தில் தண்ணீர் இல்லையே, எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்?" என்பார்கள். வாய்க்காலை அடைத்தது யார் என்பது யாருக்கும் நினைவிருக்காது. பல சமயம் அந்த அதிகாரியே வேறு ஊருக்கு மாறிப் போயிருப்பார்.

இதில் வில்லன் யாரும் இல்லை என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்கு நாளாயிற்று. பட்ஜெட்டில் துண்டு விழுகிறது, யாரோ ஒருவர் அட்டவணையில் மிகச் சின்ன எண்ணைத் தேடுகிறார். அவ்வளவுதான்.

"புதியவர்களைச் சேர்க்க மாட்டோம், இருப்பவர்கள் முடிக்கலாம்" என்கிறார்கள். நியாயமாகத்தானே இருக்கிறது?

முதல் நிலை இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அந்த ஆசிரியருக்கு முழுநேர வேலை இல்லை. பாதி நேர வேலைக்கு அவர் ஏன் இருக்க வேண்டும்? பக்கத்து ஊரில் முழு வேலை கிடைத்தால் போய்விடுவார். பிறகு 'இருப்பவர்களுக்கு' யார் பாடம் நடத்துவது? ஆன்லைன் என்பார்கள். முதல் நிலையை மூடுவதும் மொத்தத்தையும் மூடுவதும் ஒன்றுதான், இரண்டு ஆண்டு தள்ளி நடக்கும், அவ்வளவே. போராட வேண்டிய இடம் முதல் நிலை. மேல் நிலைகளில் விட்டுக்கொடுத்துக்கூடப் பேசலாம், அடியை விட்டுவிடக் கூடாது.

எப்போது கிளம்ப வேண்டும்?

நாங்கள் கிளம்பியது மே மாதம். ரொம்பத் தாமதம்.

பள்ளிக்குப் பள்ளி தேதி மாறும், ஆனால் பொதுவான ஓட்டம் இது. மிடில் ஸ்கூல் பிள்ளைகள் எந்த மொழி எடுப்பது என்று வீட்டில் பேசத் தொடங்குவது அக்டோபர், நவம்பரில். ஜனவரி, பிப்ரவரியில் பாடத்தேர்வுப் படிவம் வரும். அந்த எண்களை வைத்து எத்தனை பிரிவு, எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்வது மார்ச்சில். பள்ளி மாவட்டத்தின் முடிவுகளுக்கு ஓட்டுப் போடும் ஸ்கூல் போர்டின் கூட்டத்தில் பட்ஜெட் வருவது ஏப்ரல், மே, ஜூனில். அங்கே வருவது ஏற்கெனவே தட்டச்சு செய்து முடித்த முடிவு. அதை மாற்ற முடியாது என்றில்லை, நாங்கள் மாற்றினோம். ஆனால் ஜனவரிப் படிவத்தில் பத்துப் பெயர் கூடுதலாக இருந்திருந்தால் மே மாதம் நாற்பது பேர் கூட்டத்துக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

அதனால் இப்போது எங்கள் உழைப்பெல்லாம் நவம்பரில்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேச ஹைஸ்கூல் மாணவர்கள் நாலு பேரை அனுப்புகிறோம். பெரியவர்கள் பேசுவதைவிட அது எடுபடுகிறது. பாடம் தேர்ந்தெடுக்க வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலர்களையும் ஒருமுறை பார்த்துப் பேசுங்கள். "ஜப்பானியம் கஷ்டம், ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) குறையும்" என்று நல்லெண்ணத்தோடு பிள்ளைகளைத் திருப்பி அனுப்புபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

போர்டு கூட்டத்தில் என்ன பேசுவது?

உங்களுக்குக் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று நிமிடம். நான் முதல் தடவை ஜப்பானின் பொருளாதாரம், தொழில்நுட்பம், உலகமயம் என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். முதல் பக்கம் முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. போர்டு உறுப்பினர் ஒருவர் தண்ணீர் பாட்டிலின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அடுத்துப் பேசிய பத்தாம் வகுப்புப் பையன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "நான் இரண்டாம் நிலை முடித்திருக்கிறேன். நான் சேர நினைக்கும் கல்லூரி ஒரே மொழியில் மூன்று ஆண்டு படிக்கச் சொல்கிறது. மூன்றாவது ஆண்டை நான் எங்கே படிப்பது?" உறுப்பினர்கள் எல்லோரும் பள்ளி மாவட்டத்தின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார்கள். அவரிடம் பதில் இல்லை. அன்றைக்குக் கூட்டம் திரும்பியது அந்த இடத்தில்தான்.

அவன் கேட்டது வெறும் வாதமில்லை. உதாரணத்துக்கு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு ஆங்கிலம் அல்லாத ஒரே மொழியில் இரண்டு ஆண்டு கட்டாயம், மூன்று ஆண்டு இருந்தால் நல்லது என்கிறார்கள். பாதியில் நிற்கும் பிள்ளை வேறு மொழியில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எனவே எண்ணும் ஆளும் கொண்டு போங்கள். எத்தனை பிள்ளைகள் நடுவழியில் நிற்பார்கள், எத்தனை பேர் நேர மோதலால் போனார்கள், ஆசிரியர் சம்பளத்தில் உண்மையில் மிச்சமாவது எவ்வளவு. கடைசிக் கேள்வி முக்கியம். ஜப்பானியத்தை மூடினால் மேலே சொன்ன உதாரணத்தின் 114 பிள்ளைகளும் மாயமாவதில்லை, வேறு ஏதோ ஒரு வகுப்பில் உட்கார வேண்டும், அங்கேயும் ஆசிரியர் வேண்டும். மிச்சம் என்று காட்டப்படும் தொகையில் பெரும்பகுதி இப்படியே கரைந்துவிடும்.

அப்புறம், ஒரு தெளிவான வேண்டுகோள் வையுங்கள். "ஜப்பானியத்தைக் காப்பாற்றுங்கள்" என்றால் யாரும் எதுவும் செய்ய முடியாது. "முதல் நிலையை இரண்டு ஆண்டு தொடருங்கள், பிப்ரவரியில் இத்தனை பேர் சேராவிட்டால் அப்போது பேசலாம்" என்றால் கை தூக்கி ஓட்டுப் போட முடியும். எங்களுக்குக் கிடைத்தது அதுதான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஜெர்மனை மூடுங்கள், ஃபுட்பாலுக்குப் பணம் இருக்கிறதே என்றெல்லாம் பேசாதீர்கள். அந்த அறையில் ஜெர்மன் படிக்கும் பிள்ளையின் அப்பாவும் உட்கார்ந்திருப்பார். அடுத்த ஆண்டு அவர் உங்கள் பக்கம் வேண்டும்.

ஆசிரியரே ஏன் முன்னால் வந்து பேசுவதில்லை?

அவர் அந்த மாவட்டத்தின் ஊழியர். தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுவது போலத்தான் தெரியும். சிலர் விசாவில் இருப்பார்கள். அதோடு பல ஜப்பானிய ஆசிரியர்களுக்குத் தனக்காக வாதாடுவது கூச்சமான காரியம். எங்கள் சென்செய் (ஆசிரியர்) "உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறேன், மன்னியுங்கள்" என்று எங்களிடமே மன்னிப்புக் கேட்டார், வேலை போகப்போவது அவருக்கு.

அவர் தலையில் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது பாருங்கள்: ஐந்து நிலைக்கும் பாடத் தயாரிப்பு, ஜப்பான் கிளப், புத்தாண்டு விழா, பரிமாற்ற மாணவர் வருகை, சிலருக்கு ஒரே நாளில் இரண்டு பள்ளி. ஸ்பானிஷ் ஆசிரியருக்குப் பக்கத்து அறையில் இன்னொரு ஸ்பானிஷ் ஆசிரியர் இருப்பார், இவருக்கு யாரும் இல்லை. பெற்றோர் சங்கம் ஆரம்பித்தால் அவருக்கு ஒரு வேலையாவது குறைய வேண்டும். ஒரு மீட்டிங் கூடுகிறதென்றால் அந்தச் சங்கமே தேவையில்லை.

எது செய்தாலும் முதலில் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஆசிரியர் ஓய்வு பெற்றால் எல்லாம் முடிந்ததா?

பல இடங்களில் முடிந்துபோகிறது. எண்ணிக்கை நன்றாக இருந்தும் வகுப்பு போவது இப்படித்தான். ஜப்பானின் பொருளாதாரம் உச்சத்தில் இருந்த 1980களின் கடைசியிலும் அதைத் தொட்ட ஆண்டுகளிலும் அமெரிக்கப் பள்ளிகளில் ஜப்பானியம் வேகமாகப் பரவியது. அப்போது சேர்ந்தவர்கள் இப்போது ஓய்வு பெறுகிறார்கள். பிரின்சிபலுக்கு எளிதான வழி, அந்த இடத்துக்கு விளம்பரமே கொடுக்காமல் விடுவது.

இதற்கு ஒரே மருந்து முன்கூட்டியே தெரிந்துகொள்வது. ஓய்வு பெறும் எண்ணம் உள்ளவர் ஓராண்டு முன்பே சொன்னால், பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சியில் இருப்பவரை அவரிடமே பயிற்சிக்கு அழைக்கலாம். மாநில உரிமம் வேண்டும் என்பதால் ஜப்பானிய மொழி பேசத் தெரிந்த எல்லோரையும் வகுப்பில் நிறுத்த முடியாது. ஜெட் திட்டத்தில் ஜப்பானுக்குப் போய் ஆங்கிலம் கற்றுக்கொடுத்துத் திரும்பியவர்கள் நல்ல ஊற்று. 1987இல் தொடங்கிய திட்டம் அது, ஜப்பானிய ஆசிரியராக ஆன முன்னாள் ஜெட்காரர்கள் பலர் உண்டு. அமெரிக்க ஜப்பானிய மொழி ஆசிரியர் சங்கம் மூலமாகவும் ஆள் தேடலாம். 2012இல் இரண்டு சங்கங்கள் இணைந்து உருவான அமைப்பு அது, மாநிலக் கிளைகளும் உண்டு.

விளம்பரம் மார்ச்சில் வந்தால் ஆள் கிடைப்பார். ஜூலையில் வந்தால் கிடைக்க மாட்டார். அப்போது "தேடினோம், யாரும் வரவில்லை" என்ற கடிதம் வரும். நாங்கள் பிரின்சிபலிடம் எழுத்தில் வாங்கி வைத்திருப்பது இந்த ஒரே விஷயத்தைத்தான்: காலியிடம் வந்தால் விளம்பரம் எந்த மாதம் வெளியாகும் என்பது.

வெளியிலிருந்து பணம் கிடைக்குமா?

கிடைக்கும், கொஞ்சம். 1972இல் தொடங்கப்பட்ட ஜப்பான் ஃபவுண்டேஷனின் லாஸ் ஏஞ்சலிஸ் அலுவலகம் பள்ளிகளுக்கான உதவித் திட்டங்களை நடத்துகிறது. 2011 முதல் ஜே-லீப் என்று ஒரு திட்டமும் உண்டு. ஜப்பானிலிருந்து ஓர் இளம் உதவி ஆசிரியரை அமெரிக்கப் பள்ளிக்கு இரண்டு ஆண்டு வரை அனுப்புகிறார்கள். அவர் இருக்கும் ஆசிரியருக்குத் துணை. இல்லாத ஆசிரியருக்கு மாற்றாக வருபவர் இல்லை.

உங்கள் ஊருக்கு ஜப்பானில் சகோதர நகரம் இருக்கிறதா என்று பாருங்கள். செயின்ட் பால் நகரமும் நாகசாகியும் 1955இலேயே இப்படிக் கைகோத்தவை, போர்ட்லாண்டும் சப்போரோவும் 1959இல். அந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு மேயரைத் தெரிந்திருக்கும். பணத்தைவிட அது அதிகம் உதவும்.

வெளிப்பணத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. பிறமொழிப் பாடங்களுக்கு உதவிய மத்திய அரசுத் திட்டம் ஒன்றின் நிதி 2012 நிதியாண்டில் நின்றுபோனது. அதை நம்பித் தொடங்கிய வகுப்புகள் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆசிரியர் சம்பளம் பள்ளி மாவட்டத்தின் பட்ஜெட்டிலேயே இருக்க வேண்டும். நாம் திரட்டும் பணம் புத்தகத்துக்கும், பயணத்துக்கும், சில்லறைச் செலவுக்கும் போதும். "சம்பளத்தில் கால் பங்கை நாங்கள் தருகிறோம்" என்று ஆரம்பித்தால், அடுத்த ஆண்டு பாதி கேட்பார்கள்.

நன்றாக நடக்கும் பெற்றோர் அமைப்புக்கு உதாரணம் வேண்டுமென்றால் போர்ட்லாண்டின் 'ஓயா நோ காய்'. பெயரே 'பெற்றோர் சங்கம்' என்பதுதான். அங்கே ரிச்மண்ட் ஆரம்பப் பள்ளியில் 1989 முதல் ஜப்பானிய இருமொழி வகுப்பு நடக்கிறது, மிடில் ஸ்கூல், ஹைஸ்கூல் வரை தொடர்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் இப்போது கிளாரெண்டன் பள்ளியில் நடக்கும் ஜப்பானியத் திட்டம் 1973இல் தொடங்கியது. இவை நீடிப்பதன் ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து வயதில் சேர்ந்த பிள்ளையின் தம்பியும் அங்கேயே வருகிறான், அந்த அம்மா பத்து ஆண்டு விடாமல் கூட்டத்துக்கு வருகிறாள். ஹைஸ்கூலில் மட்டும் இருக்கும் வகுப்புக்கு அந்த வசதி இல்லை. நான்கு ஆண்டில் பெற்றோர் எல்லோரும் மாறிவிடுவார்கள். அதனால் சங்கத்தின் பொறுப்பை எப்போதும் ஒன்பதாம் வகுப்புப் பெற்றோரிடம் கொடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு அம்மா (இப்போது நான்தான்) ஆலோசனை சொன்னால் போதும்.

ஏபி, முத்திரை, போட்டி இதெல்லாம் தேவையா?

பிள்ளைக்குத் தேவையோ இல்லையோ, வகுப்புக்குத் தேவை. நிர்வாகம் காகிதத்தில் இருப்பதைத்தான் பார்க்கும்.

ஏபி ஜப்பானியத் தேர்வு 2007இல் தொடங்கியது. முழுக்கக் கணினியில், எழுதுவதற்குப் பதில் தட்டச்சு, பேச்சு பதிவாகும். வீட்டில் ஜப்பானியம் பேசும் பிள்ளைகள் பலர் எழுதுவதால் தேசிய மதிப்பெண் உயர்ந்து தெரியும். உங்கள் பிள்ளைகளின் மதிப்பெண்ணை அதோடு ஒப்பிட்டு யாராவது குறை சொன்னால் இதைச் சொல்லுங்கள். ஏபி இருக்கிறது என்பதாலேயே பாதுகாப்பு என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஏபி இத்தாலியன் எழுதுவோர் குறைவு என்று 2009 தேர்வோடு நிறுத்தப்பட்டது. இத்தாலிய அரசும் இத்தாலிய அமெரிக்கர்களும் முயன்று பணம் திரட்டிய பிறகு 2011-12இல் திரும்ப வந்தது.

இருமொழித் திறன் முத்திரை எங்களுக்கு மிகவும் உதவியது. கலிஃபோர்னியா 2011இல் சட்டம் போட்டுத் தொடங்கிய இது பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி காட்டினால் ஹைஸ்கூல் சான்றிதழில் அந்த முத்திரை வரும். எத்தனை முத்திரை என்று மாவட்டமே பெருமையாக அறிக்கை வெளியிடும், அதில் ஜப்பானியத்துக்கு ஒரு எண் இருந்தால் அந்த எண்ணை அவர்களே வெட்ட மாட்டார்கள். நம் பிள்ளைகள் தமிழிலும் இதை வாங்கலாம்.

ஜேஎல்பிடி என்ற சர்வதேச ஜப்பானிய மொழித் திறன் தேர்வு அமெரிக்காவில் டிசம்பரில் மட்டும் நடக்கும். அதில் பேச்சுத் தேர்வு கிடையாது. வாஷிங்டனில் 1993 முதல் நடக்கும் ஜப்பான் பௌல் விநாடிவினா நல்ல உற்சாகம். மூன்று பேர் அணியாகப் போய்த் தோற்றுத் திரும்பினாலும் உள்ளூர்ப் பத்திரிகையில் போட்டோ வரும்.

அனிமே பார்க்கத்தானே படிக்கிறார்கள்?

ஆமாம். அதில் என்ன தப்பு? காரணம் எதுவாக இருந்தாலும் முதல் நிலையில் பெயர் எழுதினால் சரி. ஆங்கிலம் பேசுபவருக்கு 2200 மணி நேரம் பிடிக்கும் மொழிகளில் ஒன்றாக அமெரிக்க வெளியுறவுத் துறை ஜப்பானியத்தை வைத்திருக்கிறது. கார்ட்டூன் ஆசை மட்டும் இருப்பவன் அக்டோபரிலேயே தெளிந்துவிடுவான்.

இப்போது கொரிய மொழிதானே எல்லோரும் கேட்கிறார்கள்?

கேட்கிறார்கள். 2016இலிருந்து 2021க்குள் கல்லூரிகளில் கொரியம் படிப்போர் 38 சதவீதம் கூடினார்கள். சண்டை வேண்டாம். கொரிய வகுப்பு கேட்கும் பெற்றோரும் நாமும் ஒரே கூட்டத்தில் ஒரே பக்கத்தில் உட்காரலாம். ஆனால் ஜப்பானியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கொரியம் என்று நிர்வாகம் சொன்னால், உரிமம் பெற்ற கொரிய ஆசிரியர் கையில் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

மொழிபெயர்ப்பு ஆப் வந்துவிட்டதே, ஆன்லைன் வகுப்பும் இருக்கிறதே?

'கெக்கோ தேசு' என்றால் 'நன்றாக இருக்கிறது' என்றும் பொருள், 'வேண்டாம், போதும்' என்றும் பொருள். நம் ஊரில் விருந்தில் "இருக்கட்டும்" என்பதை எந்த ஆப் சரியாகப் புரிந்துகொள்ளும்? முகத்தைப் பார்த்துத்தான் தெரியும். ஆன்லைன் வகுப்பை ஒரேயடியாக மறுக்க வேண்டாம், சில நிலைகளுக்கு அது கடைசிக் கயிறு. முதல் நிலையை மட்டும் அதில் விடாதீர்கள். பதினான்கு வயதுப் பிள்ளை தனியாகத் திரை முன்னால் உட்கார்ந்து ஹிரகானா எழுத்துகளை எழுதிப் பழகாது.

தமிழ்ப் பள்ளிக்கே சனிக்கிழமை ஓட நேரமில்லை. இதையும் யார் செய்வது?

நானும் அதே கேள்வியைக் கேட்டவள்தான். ஆனால் தமிழ்ப் பள்ளி நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை பாதி தெரியும். சேர்க்கைக்கு வீடு வீடாகப் போன் செய்தது, ஆசிரியர் நின்றுவிட்டால் வேர்த்தது, பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடித்தது, எல்லாம் இங்கேயும் அதேதான். எங்கள் குழுவில் ஓடியாடி வேலை செய்யும் ஆறு பேரில் இரண்டு பேர் தமிழ்ப் பள்ளிக்காரர்கள். வாரம் ஒரு மணி நேரம் போதும், நவம்பரில் மட்டும் கொஞ்சம் கூடும்.

எங்கள் ஊரில் மூடியே விட்டார்கள். இனி என்ன செய்வது?

முதலில் நடுவில் நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள். பக்கத்து ஹைஸ்கூலில் அந்த ஒரு பீரியடுக்குப் போய்வர அனுமதி கிடைக்குமா, கம்யூனிட்டி காலேஜில் படித்து கிரெடிட் வாங்கலாமா என்று கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே முடிந்துவிடும்.

அடுத்து, பாடப் பட்டியலிலிருந்து ஜப்பானியத்தின் பெயரை எடுக்க வேண்டாம் என்று கேளுங்கள். "இந்த ஆண்டு நடத்தப்படாது" என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளட்டும். பட்டியலில் இருக்கும் பாடத்தைத் திரும்பத் தொடங்க ஆசிரியரும் போதிய பெயர்களும் இருந்தால் போதும். பட்டியலை விட்டுப் போன பாடத்தைப் புதிதாகக் கொண்டுவரப் பல இடங்களில் பாடத்திட்டக் குழு, போர்டு ஒப்புதல் என்று முதலிலிருந்து நடக்க வேண்டும். அந்தப் பட்டியல் எங்கள் ஊரில் டிசம்பரில் அச்சாகிறது. உங்கள் ஊரில் எப்போது என்று நாளைக்கே அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.